வேலிக்காத்தான் புதரும் காட்டு விலங்குகளும்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை ஆகிய தாலுகாக்களில் வேலிக்காத்தான் என்றும் சீமைக்கருவேல் என்றும் வழங்கப்படும் முட்செடி படராத ஏரிப் புறம்போக்கைக் காண்பது அரிது. தொழிற்பேட்டைகளுக்கென எடுக்கப்பட்டு இன்னும் கட்டடம் எழும்பாத மனைகளிலும், சாலையோரங்களிலும், நீர்வரத்துக் கால்வாய்களிலும், பயிரின்றிக் கிடக்கும் பட்டா நிலங்களிலும் அதுவே அடர்ந்து நிற்கிறது. இச்செடியைக் குறித்துக் கிராமங்களில் இருவகை அபிப்பிராயங்கள் நிலவி வருகின்றன. ஒரு சாரார், இது காட்டுப்பன்றிகளுக்குக் கோட்டையாக இருப்பதால் ஒன்றுவிடாமல் ஒரே மூச்சில் அழித்துவிட வேண்டும் என்கின்றனர். மற்றொரு சாரார், பட்டணமும் ஆலைகளும் பெருகிவரும் இக்காலத்தில் நரி, முயல் போன்ற ஜீவன்களுக்கு எஞ்சியுள்ள ஒரே ஒதுக்கிடம் இதுவாகையால் இதைத் தொடலாகாது என்கின்றனர்.

இவ்விரண்டு அபிப்பிராயங்களும் பாதி உண்மையே. எந்த விலங்கு புதரை நாடி வாழ்கிறது, எந்த விலங்கு வெளியை நாடி வாழ்கிறது என்று பாராமல் இச்செடியைக் காப்பதும் தவறு. அதையே பாராமல் ஒரே நாளில் அழிப்பதும் தவறு. இரண்டினாலும் நஷ்டமடைபவர் அருகில் பயிரிடும் குடியானவரே. ஆகவே இவ்விஷயத்தைப் பட்டாதாரர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் சற்று ஊன்றிக் கவனிப்பது அவசியமாகும்.

செடி வந்த வரலாறு

சீமைக்கருவேல் இந்நாட்டுச் செடியன்று. மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவையே இதன் தாயகம். அக்காலத்துச் சென்னை ராஜதானியில் வனப் பாதுகாவலராக இருந்த கர்னல் பெட்டோம் என்பவர் 1876 இல் இதன் விதையைத் தருவிக்குமாறு சர்க்காருக்கு எழுதினார். ஜமெய்க்காத் தீவிலிருந்து வந்த விதை 1877 இல் கடப்பை ஜில்லாவில் விதைக்கப்பட்டது. விறகுக்குப் பஞ்சமான வறண்ட பிரதேசங்களுக்கு இது உதவும் என்பதே அன்றைய நோக்கம். அந்நோக்கம் நிறைவேறாமற் போகவில்லை. இன்றும் அநேக ஏழைக் குடும்பங்கள் இதன் விறகையும் கரியையும் நம்பிப் பிழைக்கின்றன. உவர் நிலத்திலும் இது தழைக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் செடியின் குணங்கள் அதை வரம்புக்குள் நிற்கவிடுவதில்லை. இதன் காய்கள் இனிப்பானவை. ஆடு, மாடு, காட்டு விலங்குகள் யாவும் அவற்றை விரும்பித் தின்கின்றன. கடினமான ஓடுடைய விதையோ வயிற்றில் சிதையாமல் சாணத்தோடு வெளிப்பட்டு, எருவும் ஈரமும் ஒருங்கே கிடைத்து முளைத்துவிடுகிறது. மரத்தைத் தரைமட்டமாக வெட்டினால் ஒன்றுக்குப் பல கிளைகள் வெடித்து முன்னிலும் அடர்ந்த புதராகிறது. உதிர்ந்த இலைச் சருகிலுள்ள பொருள்கள் பிற விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. அடர்ந்த நிழலும் சேர்வதால் மரத்தடியில் புல் அற்றுப்போகிறது.

உண்ணிச்செடியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அமெரிக்க நாடுகளிலிருந்து பூந்தோட்ட அழகுக்காக 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு வந்த இச்செடி, பறவைகள் பழத்தைத் தின்று விதை பரப்பியதால் காடெங்கும் பரவிவிட்டது. இதன் இலையை மேய்ந்த மாடுகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடத்துத் தோல் வெடித்துப் புண்ணாவதைக் கால்நடை வளர்ப்போர் அறிவார்கள்.

புல் அற்றுப்போகிறது என்னும் அந்த ஒரு விஷயத்திலேயே காட்டு விலங்குகளின் கதையும் அடங்கியிருக்கிறது.

வெளியை நாடும் விலங்குகள்

வெளிமான் என்னும் பெயரைக் கவனித்தாலே இவ்வுண்மை விளங்கும். முறுக்கிய கொம்புடைய இந்த மான் திறந்த புல்வெளியில் வாழ்வது. இது மறைந்து தப்புவதில்லை. தூரத்திலேயே பகையைக் கண்டு, வெட்டவெளியில் பாய்ந்தோடித் தப்புகிறது. பழந்தமிழில் இதற்குப் புல்வாய் என்றும் பெயர் உண்டு. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சமவெளிகளில் பரவலாக இருந்த இவ்விலங்கு, இன்று சென்னைக் கிண்டி, கோடியக்கரை, வல்லநாடு முதலிய சில இடங்களில் மட்டுமே காணப்படுகிறது.

கிண்டி தேசியப் பூங்கா, கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே சென்னை நகரத்தின் நடுவில் இருக்கிறது. 1978 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு சுமார் 2.70 சதுர கிலோமீட்டர்தான். அங்கே வெளிமானும் புள்ளிமானும் ஒருங்கே வாழ்கின்றன. புள்ளிமான் மரநிழலிலும் புதரோரத்திலும் பிழைத்துக்கொள்ளும். வெளிமானுக்கோ போலோ மைதானம் என்று வழங்கும் புல்தரை போன்ற திறந்த இடம் வேண்டும். சுற்றிலும் வீடும் சாலையும் நெருக்கி நிற்கும் அத்தகைய இடத்தில், ஒரு புல்தரையை முட்புதர் மூடிவிட்டால் மான் வேறு புல்தரை தேடிப் போக வழியில்லை. பெருங்காட்டில் சிறு குறையாகத் தோன்றுவது, நகரத்தினிடையே அகப்பட்ட சிறு காட்டில் உயிர்ப்பிரச்சினையாகிவிடுகிறது.

கோடியக்கரையில் 1967 இல் சரணாலயம் ஏற்பட்டதே முக்கியமாக வெளிமானைக் காப்பதற்காகத்தான். அங்கும் சீமைக்கருவேல் புல்வெளிக்குள் நுழைந்து பரவியதால் வனத்துறையினர் அதை அகற்றும் வேலையைப் பலமுறை மேற்கொள்ள வேண்டியதாயிற்று.

இதில் மற்றொரு வினோதமும் உண்டு. குஜராத்திலுள்ள வேளாவதர் புல்வெளியில் நடந்து, 2013 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதை நன்கு விளக்கியது. வெளிமான் கலைகள் புல்வெளியில் ஆளுக்கொரு இடத்தைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அங்கேயே புழுக்கை இடும் வழக்கமுடையவை. சீமைக்கருவேல் காயைத் தின்ற மானின் புழுக்கையிலே விதை இருக்கிறது. ஆகையால் மான்கள் கூடும் திறந்த வெளியிலேயே முள் விதை மிகுதியாகக் குவிகிறது. மான் தனக்கு உகந்த வெளியைத் தானறியாமலே அடைத்துக்கொள்கிறது. காய் தின்னக் கிடைக்கிறதே, மானுக்கு இது நன்மைதானே என்று சொல்வோர் இதை யோசிக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இன்று வெளிமான் இல்லாவிடினும், காட்டு முயலுக்கு இந்நியாயம் பொருந்தும். முயல் பகலில் சிறு புதரில் பதுங்கினாலும், மேய்வதற்குப் புல்தரை வேண்டும். ஆடுமாடுகளுக்கும் அவ்வாறே. மேய்க்கால் புறம்போக்கு முழுவதும் முள் அடைந்தால், முயல் இழக்கும் புல்லைத்தான் ஊர் மாடும் இழக்கிறது.

மறைவை நாடும் விலங்குகள்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். காட்டுப்பன்றிக்குப் பகல் முழுதும் படுத்திருக்க அடர்ந்த மறைவும், அருகில் நீரும், இரவில் இறங்க வயலும் வேண்டும். முள் அடைந்த ஏரி உட்புறத்தில் இம்மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. நிலக்கடலை காய் பிடிக்கும்போதும், நெல் பால் பிடிக்கும்போதும், கரும்பு முற்றும்போதும் பன்றிக்கூட்டம் இறங்குமானால் ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் பாடு வீணாகிறது. பெருச்சாளியும் வயல் எலியும் வரப்பை ஒட்டிய புதரில் வளை தோண்டிப் பெருகுகின்றன.

ஆனால் அதே புதரில்தான் நரியும், கீரியும், காட்டுப்பூனையும் பகலில் ஒதுங்குகின்றன. இவை எலியைத் தின்று பயிரைக் காக்கும் விலங்குகள். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று எந்தப் போகத்திலும் எலிக்கு இரையாகும் நெல் கொஞ்சமன்று. சம்பளமின்றி இரவெல்லாம் எலி பிடிக்கும் இக்காவற்காரர்களை விரட்டிவிட்டு, விஷம் வாங்க ரூபாய் செலவிடுவது புத்தியாகாது.

பிற நாடுகளிலும் இவ்வநுபவமே காணப்படுகிறது. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தைச் சுற்றியுள்ள சிறு காடுகளில், ஐரோப்பாவிலிருந்து வந்த பக்தார்ன் என்னும் புதர்ச்செடி பரவியிருக்கிறது. அங்கே நடத்தி 2014 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நரிக்கு உறவான கொயோட் முதலிய சில விலங்குகள் அப்புதர் மிகுந்த இடங்களில் அதிகமாகவும், மான்கள் குறைவாகவும் காணப்பட்டன. மிஸ்ஸௌரி மாகாணத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்தருகே ஹனிசக்கிள் என்னும் ஆசியப் புதரை ஆராய்ந்தபோது முடிவு வேறாக இருந்தது. அங்கே மான்கள் அப்புதரிலேயே மிகுதியாக ஒதுங்கின. மானோடு உண்ணிகளும் சேர்ந்து, அவற்றால் மனிதருக்கு வரும் நோயின் அபாயமும் உயர்ந்தது. புதரை அகற்றிய இடங்களில் மான் வரவும் நோயுள்ள உண்ணிகளும் குறைந்தன என்று 2010 இல் வெளியிட்டார்கள்.

மான் ஓரிடத்தில் புதரை விலக்கியது. மற்றோரிடத்தில் அதையே நாடியது. ஆகவே அந்நியப் புதர் விலங்குகளுக்கு நல்லதா கெட்டதா என்று பொதுவில் கேட்பதற்கு விடையில்லை. இந்த ஊரில், இந்த ஏரியில், எந்த விலங்கை அது பெருக்குகிறது, எதை விரட்டுகிறது என்று கேட்பதே முறை. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வயலை ஒட்டி ஓயாது படரும் முட்புதர், பன்றியையும் பெருச்சாளியையும் பெருக்கி, புல் மேயும் பிராணிகளை ஒடுக்குகிறது என்றே கொள்ள இடமிருக்கிறது. நரியும் கீரியும் அதில் தங்குவது வேறு மறைவு இல்லாமையால்தான்.

ஒரே மூச்சில் வெட்டலாமா?

2017 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பல ஜில்லாக்களில் சீமைக்கருவேலை அகற்ற உத்தரவிட்டது. எங்கும் இயந்திரங்கள் இறங்கின. சுற்றுச்சூழலுக்கு இதனால் விளையக்கூடிய பலன்கள் ஆராயப்படவில்லை என்று வழக்குத் தொடரப்பட்டதன்பேரில், அவ்வாண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் அவ்வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. பின்னர் 2022 இல் தமிழ்நாட்டு சர்க்கார், அந்நியப் படர்செடிகளை அகற்றுவதோடு, அகற்றிய இடத்தில் பழைய இயற்கையை மீட்பதையும் சேர்த்து ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுதல், மீட்டல் என்னும் இரண்டு வேலைகளில் முன்னதை மட்டும் செய்து பின்னதை விட்டுவிடுவதுதான் கிராமங்களில் நடக்கும் பிழை.

ஒரு ஏரியின் முள் முழுவதையும் ஒரு வாரத்தில் பெயர்த்தால் உள்ளேயிருந்த பன்றிகள் மாய்ந்துவிடுவதில்லை. அவை அடுத்த ஊர் ஏரிக்கோ, ஆலை மதிலை ஒட்டிய காலி மனைக்கோ, ஆரணியாற்றங்கரைக்கோ குடிபெயர்கின்றன. அஃதாவது ஓர் ஊரின் தொல்லை அயலூரின் தலையில் விழுகிறது. நரியும் முயலும் சாலையில் அடிபட்டும் நாய்களால் கடிபட்டும் மடிகின்றன. பிறகு மழை பெய்கிறது. மண்ணில் கிடந்த விதை முளைக்கிறது. தோண்டாமல் விட்ட வேர் துளிர்க்கிறது. இரண்டு மூன்று வருஷங்களில் பழைய புதரே திரும்புகிறது. புதரோடு பன்றியும் திரும்புகிறது. நரி திரும்புமா என்பதுதான் சந்தேகம்.

தொல்லை பொறுக்காமல் சிலர் வயலைச் சுற்றிக் கம்பி கட்டி வீட்டு மின்சாரத்தை நேராகப் பாய்ச்சுகின்றனர். இதனால் பன்றி மட்டுமல்ல, இரவில் மடை திறக்கப் போன மனிதரும் மாண்டிருக்கின்றனர். இது கொலைக்குச் சமமான குற்றம். மின்வேலிகளை ஒழுங்குபடுத்த 2023 இல் விதிகளும் ஏற்பட்டுள்ளன. காட்டுப்பன்றியைக் குடியானவர் தாமாகச் சுடவோ, வெடி வைக்கவோ சட்டம் இடந்தரவில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவதற்கு 2025 இல் சர்க்கார் வழி செய்தது. ஆகவே வனத்துறைக்கு எழுத்து மூலம் முறையிடுவதே சரியான வழி. ஆனால் துப்பாக்கி எத்தனை பன்றியைக் குறைத்தாலும், படுக்க இடம் இருக்குமட்டும் புதிய பன்றி வந்துகொண்டேயிருக்கும். படுக்கையை எடுப்பதே நிலையான பரிகாரம்.

கிராமத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, வயலை ஒட்டிய பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். வரப்புக்கும் புதருக்கும் இடையே அகலமான ஒரு வெளி உண்டானால் பன்றி அதைக் கடந்து வரத் தயங்கும். காவல் இருப்போர் கண்ணுக்கும் தெரியும். அதன்பின் ஆண்டுக்கொரு பகுதியாக உட்சென்று அகற்றலாம். நான்கு பக்கமும் வளைத்துக்கொண்டு வெட்டுவதும், தீயிடுவதும் கூடா. ஒரு பக்கம் திறந்து வைத்து, அப்பக்கம் விலங்குகள் வெளியேற வழிவிட வேண்டும். அவ்வழி வயலையும் நெடுஞ்சாலையையும் நோக்காமல் காப்புக்காட்டையோ ஓடையையோ நோக்கியிருத்தல் நலம்.

இரண்டாவது, வெட்டினால் போதாது. வேரோடு பெயர்க்க வேண்டும். புதிய துளிர் விடும் மொட்டுகள் தரைக்குச் சற்றுக் கீழே அடிக்கட்டையில் இருப்பதால், 1 அடிக்குக் குறையாமல் தோண்டி அடிக்கட்டையை எடுத்துவிட வேண்டும். ஏரி வற்றிய கோடையே இதற்குத் தக்க காலம். காய்கள் பழுத்து உதிருமுன் வேலையை முடிப்பது உத்தமம். உதிர்ந்த காய்களைப் பொறுக்கி, விதை நசுங்க அரைத்து, மற்றத் தீவனத்தோடு அளவாகக் கலந்து மாட்டுக்குக் கொடுக்கலாம். அரைக்காத காயைத் தின்ற ஆடுகளைச் சில நாள் பட்டியில் அடைத்து வைக்காமல் திருத்திய நிலத்தில் விடலாகாது.

மூன்றாவது, வெற்றிடத்தை வெறுமையாக விடாமல் அவ்வாண்டு ஐப்பசி மழையிலேயே நட வேண்டும். ஏரிக்கரையில் பனை விதையும், மேட்டுப் புறம்போக்கில் களா, சூரை, காரை, இலந்தை, நொச்சி முதலிய நாட்டுப் புதர்களும், நடுவில் புல்லும் வளரவிடலாம். களாப்பழமும் இலந்தைப்பழமும் நரிக்கும் மரநாய்க்கும் உணவு. இவை திட்டுத் திட்டாக நிற்குமே தவிர, சீமைக்கருவேலைப்போல் ஏக்கர் கணக்கில் ஒரே சுவராக அடைவதில்லை. ஆகையால் நரிக்கும் கீரிக்கும் மறைவு கிடைக்கும். பன்றிக்கூட்டத்திற்குக் கோட்டை கிடைக்காது. முயலுக்கும் மாட்டுக்கும் புல் கிடைக்கும்.

நான்காவது, திருத்திய இடத்தை மூன்று வருஷங்களேனும் மழைக்குப்பின் ஒருமுறை சுற்றிப்பார்த்து, முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்கிவிட வேண்டும். ஈரமண்ணில் ஒரு சாண் கன்றைப் பிடுங்க ஒரு நிமிஷம் போதும். அதையே விட்டுவைத்தால் பிறகு இயந்திரத்திற்கு வாடகை கொடுக்க நேரும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சியாருக்கும் இதில் பெரும் பொறுப்பிருக்கிறது. புறம்போக்கு முள்ளை ஏலம் விடும்போது, விறகுக்கு ஆகும் பருமரத்தை மட்டும் வெட்டிக்கொண்டு வேரை விட்டுப்போவது ஏலதாரர் வழக்கம். இவ்வாறு ஏலம் விடுவது முள்ளுக்குக் கவாத்து செய்வதையே ஒக்கும். வேரோடு எடுப்பதையும், ஒரே ஆண்டில் எவ்வளவு பரப்பு என்பதையும் ஏல நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும். தொகை சற்றுக் குறைந்தாலும் ஊருக்கு லாபமே. விறகு வெட்டியும் கரி சுட்டும் பிழைப்பவர்களுக்கே வேர் பெயர்க்கும் வேலையையும் நடவு வேலையையும் முதலில் கொடுப்பது நியாயம். நீர்நிலையிலும் காப்புக்காட்டோரத்திலும் உரிய துறையாரின் அநுமதி பெற்றே கைவைக்க வேண்டும்.

தொழிற்பேட்டைகளின் காலி மனைகளையும் மறத்தலாகாது. ஏரியைத் திருத்திவிட்டு, மதிலுக்கு அப்பால் ஐம்பது ஏக்கர் முள்ளை விட்டுவைத்தால் பிரயோஜனமில்லை. தேர்வாய்கண்டிகையில் மேய்ச்சல் தரையாக இருந்த இடத்தில் இன்று தொழிற்பேட்டை இருக்கிறது. மேய்ச்சல் நிலம் குறைந்துபோன இத்தகைய கிராமங்களில், எஞ்சிய நிலமேனும் புல் முளைக்கத்தக்கதாக இருக்க வேண்டாமா? ஆலை நிர்வாகத்தாரும் தங்கள் பசுமை வளையத்தில் நாட்டு மரங்களையும் புதர்களையும் வளர்த்து, காலி மனை முள்ளை ஊராட்சி வேலை நடக்கும் அதே ஆண்டில் அகற்றுமாறு, ஊராட்சியார் தீர்மானம் இயற்றிக் கேட்பது தகும்.

நடத்தக்க கன்றுகளையும் எலி, பன்றி முதலியவற்றைத் தடுக்கும் முறைகளையும் பற்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும், திரூரிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் விசாரித்து அறியலாம். வரும் கோடையில் ஏரி வற்றுமுன், ஒவ்வொரு கிராமத்திலும் பட்டாதாரர்கள் கூடி, தங்கள் புறம்போக்கில் வயலை ஒட்டிய முள் எது, ஆண்டுக்கு எவ்வளவு எடுப்பது, எந்தப் பக்கம் விலங்குகளுக்கு வழிவிடுவது, ஐப்பசியில் என்ன நடுவது என்ற நான்கு கேள்விகளுக்கும் முடிவு எழுதிக்கொண்டு, அதன் பின்னரே இயந்திரத்திற்கு முன்பணம் கொடுப்பார்களாக.